என்ன மரம் என்று கேட்டார்கள்

டம்ளரின் அடியில் ஒரு விரற்கடை மிச்சமிருந்தது. ஆள்காட்டி விரலை நனைத்து நாக்கில் வைத்தான். தேயிலையின் துவர்ப்பு இல்லை. வேறு கசப்பு, நாக்கின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இறங்க மறுக்கிற கசப்பு. குழாயடிக்கு ஓடித் துப்பினான். மூன்று முறை கொப்பளித்தான். ஈரக் கையோடு கூடத்துக்கு வந்தான்.

"மாமா, இதையா குடிச்சீங்க?"

மாமனார் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை மடித்துக்கொண்டிருந்தார்.

"அதைத்தான். டீ போட வரலைன்னா வரலைன்னு சொல்லணும் மாப்பிள்ளை. கஷாயம் கெட்டுது போங்க."

"எவ்வளவு குடிச்சீங்க?"

"ஒரு டம்ளர். அப்புறம் இன்னொரு முக்கால். மிச்சம் வச்சா உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்குமேன்னு பார்த்தேன்."

சமையலறை மேடையில் இரண்டு எவர்சில்வர் கூஜாக்கள் தோளோடு தோள் உரசி நின்றன. ஒன்றில் காலையில் மாமனாருக்காகப் போட்ட தேநீர். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது; அவருக்குச் சர்க்கரை நோய். அந்தக் கூஜா திறக்கப்படவே இல்லை. மற்றதில் கட்டை வேகவைத்த தண்ணீர். அதில்தான் ஏறக்குறைய இரண்டு டம்ளர் குறைந்திருந்தது. நிறத்தை வைத்து எது எதுவென்று சொல்ல அவனாலேயே முடியாது.

அவன் மீன்தொட்டிகளுக்குக் கட்டை தயார் செய்கிறவன். மீன் கடைகளில் அவனுக்கு வேர்க்காரர் என்று பெயர். பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு படச்சட்டக் கடையில் வேலை பார்த்தபோது, மேசைமேல் காகிதம் பறக்காமலிருக்க ஒரு காய்ந்த வேரை வைத்திருந்தான். சட்டம் போட வந்த மீன் கடைக்காரர் படத்தை மறந்துவிட்டு வேரைப் பார்த்தபடி நின்றார். இதைத் தண்ணிக்குள்ள வச்சா எப்படி இருக்கும் தெரியுமா என்றார். அப்படித் தொடங்கியது.

சும்மா கிடக்கிற கட்டையை எடுத்துத் தொட்டியில் போடுகிற வேலை இல்லை அது. மரம் செத்துக் காய்ந்திருக்க வேண்டும். ஆனால் உளுத்திருக்கக் கூடாது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தால் விட்டுவிட வேண்டும். பிசின் வாடை வந்தால் விட்டுவிட வேண்டும். கடற்கரையில் ஒதுங்கியதென்றால் உப்பு ஊறியிருக்கும். வாரக்கணக்கில் ஊறவைத்தாலும் முழுசாகப் போகாது. பட்டையை ஒரு பொட்டு விடாமல் உரித்து, கம்பித் தூரிகையால் தேய்த்து, பெரிய பானையில் மணிக்கணக்கில் வேகவைக்க வேண்டும். பிறகு ட்ரம்மில் கல்லை ஏற்றி மூழ்கடித்து, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். தண்ணீர் பழுப்பு விடுவது நின்றதும் இரண்டு நத்தைகளை அதில் விட்டு ஒரு வாரம் பார்க்க வேண்டும். நத்தை ஊர்ந்தால் கட்டை கடைக்குப் போகும்.

முதல் வேக்காட்டுத் தண்ணீர் அழுக்கு, கொட்டிவிடுவான். ட்ரம்மில் ஊறிய பிறகு வைக்கிற இரண்டாவது வேக்காடு தெளிந்த பழுப்பு. சில மீன்களுக்கு அந்த நிறத் தண்ணீர்தான் பிறந்த வீடு மாதிரி. கேட்டு வாங்கிப்போக ஆட்கள் இருந்தார்கள். சூட்டோடு பிளாஸ்டிக் பாட்டிலில் ஊற்றினால் பாட்டில் சுருங்கிவிடும். அதனால் கூஜாவில் ஆறவைப்பான். அவன் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வகத்தில் உதவியாளர். அமிலமும் காரமும் வரிசையாக நிற்கிற அலமாரிகளோடு பகல் முழுக்கப் பழகுகிறவள். "உள்ள என்ன இருக்குன்னு ஒரு சீட்டு எழுதி ஒட்டினா கை தேஞ்சிடுமா?" என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறாள். மரத்தண்ணிதானே, விஷமா என்பான் அவன்.

"மாப்பிள்ளை, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க? மரத்தண்ணி தானே இது? நீங்க குளிப்பாட்டி எடுத்த தண்ணி."

"ஆமா மாமா."

"பிணத்துக்கு ஒருமுறைதான் குளியல். இவர் செத்த கட்டைக்கு மூணு வாரம் வெந்நீர் வைக்கிறார்னு நான் சொல்வேன்ல. அந்தக் கட்டை எனக்கே தீர்த்தம் கொடுத்துட்டுது."

அவன் சிரிக்க முயன்றான்.

மரம் கொய்யா என்று அவன் மனைவியிடம் சொல்லியிருந்தான். மீன் கடைக்காரரிடமும் சொல்லியிருந்தான். இந்தக் கட்டைக்காகக் காத்திருந்த கண் மருத்துவமனைக்காரர்களிடமும் சொல்லியிருந்தான். அவர்களுடைய புதிய காத்திருப்பு அறை திங்கட்கிழமை திறக்கிறது. நடுவில் ஆறடித் தொட்டி. தொட்டியின் நடுவில் இந்தக் கட்டை. நல்ல கொய்யாக் கட்டை, நூறு வருஷம் தண்ணிக்குள்ள கிடக்கும் என்று சொன்னது அவன் வாய்தான்.

பெயர் தெரியாத மரத்தைத் தொடாதே என்பது அவனுடைய சட்டம். யார் வந்து கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வான். அந்தச் சட்டத்தை அவன் இந்த ஒரு கட்டைக்காகத்தான் மீறினான். வாய்க்கால் கரையில் ஒரு குவியல் கிடந்தது. சாலையை அகலப்படுத்தியவர்கள் பிடுங்கி வந்து கொட்டியது; கோடை முழுக்க வெயிலில் காய்ந்து இலை ஒன்றில்லாமல் கிடந்தது. வீட்டுத் தோட்டங்களிலிருந்து பிடுங்கிய கொய்யாவும் முருங்கையும் அதில் இருந்தன. சாலை நடுவில் வரிசையாக நின்ற அரளிச் செடிகளும் அதில் இருந்தன. இந்த ஒன்று மற்ற எல்லாவற்றுக்கும் மேலே, மானின் கொம்பு போல, கிளைவிட்டு வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அவன் கையில் எடுத்தான். வழவழவென்று இருந்தது. கொய்யாவும் வழவழவென்றுதான் இருக்கும். அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசித்தால் கீழே போட வேண்டிவரும் என்று தோன்றியதால் யோசிக்கவில்லை.

கொய்யாக் கட்டை ட்ரம்மில் போட்ட மறுநாளே மூழ்கும். இது மூன்று நாள் கல்லைத் தள்ளிக்கொண்டு மிதந்தது. எழுந்த சந்தேகம் காய்ச்சல் மாதிரி வந்து போகும் என்று அதையும் தள்ளிவைத்தான். நத்தைக்கு நாள் இல்லை, திங்கட்கிழமை நெருங்கிவிட்டது.

"கொஞ்சம் குமட்டுது மாப்பிள்ளை" என்றார் மாமனார், பேப்பரைக் கீழே வைத்து.

அவன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். துடிப்பு விரலுக்கு அடியில் வந்தது, போனது, நெடுநேரம் வராமல் இருந்து மீண்டும் வந்தது. ஒரு நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு. தன் கையில் பிடித்துப் பார்த்தான். நூற்றுப் பத்து.

"என்ன, கையை விடவே மாட்டேங்கிறீங்க? உங்க கல்யாணத்துல கூட நீங்க இப்படிப் பிடிச்சு நான் பார்க்கலையே."

"கிளம்புங்க மாமா. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துடலாம்."

"ஒரு டம்ளர் தண்ணிக்கா?"

"செருப்பு போடுங்க."

மனைவிக்கு அழைத்தான். ஆய்வகத்தில் வகுப்பு நடக்கும் நேரம், எடுக்கவில்லை. செய்தி அனுப்பினான். அப்பா மரத்தண்ணி குடிச்சுட்டார், ஆஸ்பத்திரி போறோம். அனுப்பிய பிறகு இன்னும் ஒரு வரி எழுதத் தொடங்கி அழித்தான். வாசலுக்கு வந்தவன் திரும்பப் போய் ட்ரம்மிலிருந்து கட்டையைத் தூக்கினான். டாக்டர் கேட்டால் காட்ட வேண்டும் என்று ஒரு நினைப்பு. பழைய வேட்டியில் சுற்றினான். ஒரு கையில் மாமனார், மறு கையில் கட்டை. மாடிப்படியில் இறங்கும்போது எது வழுக்கினால் எதைப் பிடிப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.

வாடகை வண்டிக்காரர் ஈரம் சொட்டுகிற பொட்டலத்தைக் கண்ணாடியில் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குக் கட்டை எதுக்கு சார்?"

"அதுக்கும் உடம்பு சரியில்லை" என்றார் மாமனார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். வழக்கமாகத் தன் நகைச்சுவைக்கு முதல் ஆளாகத் தானே சிரிப்பவர். இப்போது சிரிக்கவில்லை.

அவசரப் பிரிவின் முன்மேசையில் ஒரு செவிலியர் இருந்தார். எழுதிக்கொண்டே கேட்டார்.

"என்ன பிரச்சினை?"

"மரம் வேகவச்ச தண்ணியைக் குடிச்சுட்டார். தெரியாம. டீன்னு நினைச்சு."

"மரத்தை எதுக்கு வேகவைக்கிறீங்க?"

"மீன்தொட்டிக்கு."

செவிலியர் நிமிர்ந்து பார்த்தார். இந்த உலகத்தில் இன்னும் என்னென்ன இருக்கிறதோ என்கிற பார்வை.

"என்ன மரம்?"

"கொய்யா" என்றான்.

வேண்டுமென்று சொல்லவில்லை. பதினைந்து நாளாகச் சொல்லிப் பழகிய வாய் தானாகத் திறந்து மூடியது. சொல்லி முடித்ததும் திருத்திவிடலாம் என்று நினைத்தான். ஆனால் செவிலியரின் முகம் அதற்குள் இளகிவிட்டது.

"கொய்யாவா? நல்லா பயமுறுத்தினீங்க. வயிறு கொஞ்சம் கலங்கும், அவ்வளவுதான். அந்த பெஞ்சுல உட்காருங்க. முன்னாடி நாலு பேர் இருக்காங்க, கூப்பிடுவோம்."

உட்கார்ந்தார்கள். கொய்யா என்று தாளில் ஏறிவிட்டது. இனி அது கொய்யாதானோ என்று ஒரு கணம் அவனுக்கே தோன்றியது. ஒருவேளை உண்மையிலேயே கொய்யாவாக இருக்கலாம். குவியலில் கொய்யா இருந்ததே. மாமனார் வெறும் வயிற்றில் குடித்ததால் குமட்டுகிறது. வயசானவர், துடிப்பு மெதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாக எடுத்து நெஞ்சின்மேல் அடுக்கினான். கல்லை அடுக்கிக் கட்டையை மூழ்கடிக்கிற மாதிரி. அது ஒவ்வொரு முறையும் மேலே வந்தது.

மாமனார் சுவரில் தலையைச் சாய்த்திருந்தார்.

"மாப்பிள்ளை."

"சொல்லுங்க மாமா."

"இங்க ஏன் எல்லாத்துக்கும் மஞ்சள் அடிச்சு வச்சிருக்காங்க?"

அவன் சுவரைப் பார்த்தான். வெள்ளை. கூரை வெள்ளை. எதிரே கைக்கட்டோடு உட்கார்ந்திருந்தவரின் கட்டு வெள்ளை.

"எங்க மாமா மஞ்சள்?"

"எல்லாம்தான். அந்த விளக்கைச் சுத்தி வளையம் போட்டிருக்கு பாருங்க."

அவன் மடியிலிருந்த வேட்டியை விலக்கினான். பதினைந்து நாளாகத் தினமும் கையில் பிடித்துத் தேய்த்த கட்டை. எந்தப் பக்கம் எந்தப் பள்ளம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். இப்போதுதான் முதல் முறையாகப் பார்ப்பது போலப் பார்த்தான். அடிமரம் ஒரே இடத்தில் மூன்றாகப் பிரிந்தது. அந்த மூன்றில் ஒன்று மேலே போய் மறுபடி ஒரே இடத்தில் மூன்றாகப் பிரிந்தது. பட்டை உரித்த பிறகும் கட்டையில் பதிந்திருந்த இலைக்காம்புத் தடங்களைத் தடவினான். ஒரு கணுவுக்கு மூன்று. அடுத்த கணுவிலும் மூன்று. கொய்யா இரண்டு இரண்டாக, எதிரெதிராக இலை விடுகிற மரம். இது தெரியாதவன் இல்லை அவன். மானின் கொம்பு என்று மயங்கியது இந்த மூன்றைத்தான். அரளியைப் போல மூன்று மூன்றாய் இலை விடுகிற வேறு செடி எதுவும் அந்தச் சாலையில் இல்லை.

எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தான். கட்டையை மறுபடி வேட்டியால் மூடினான்.

அப்போது மனைவி உள்ளே வந்தாள். ஆய்வக வெள்ளைக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள். அப்பாவின் நெற்றியைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள்.

"என்னப்பா, வேர்த்து நனைஞ்சிருக்கீங்க? என்னங்க, டாக்டர் பார்த்தாச்சா?"

"இன்னும் இல்ல. வரிசை."

"மரத்தண்ணின்னு பார்த்ததும் எனக்கு உயிரே இல்ல. வர்ற வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்தேன், கொய்யாதானே, கொய்யாதானேன்னு." அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கொய்யா இலையை மென்னுகூடத் தின்போம். ஒண்ணும் ஆகாதுல்ல?"

அந்த முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். ஆயுசில் அவன் அவ்வளவு பயந்ததில்லை. மாமனாரின் சாவைவிட இவளுடைய பார்வை மாறப்போகிறதே என்று முதலில் பயந்தான் என்பதை நினைத்தபோது, அது எல்லாவற்றையும்விடப் பெரிய பயமாக இருந்தது.

"கொய்யா இல்ல" என்றான்.

"என்னது?"

"அரளின்னு நினைக்கிறேன்."

அவள் எழுந்தாள். மேசைக்கு அவனைவிட முன்னால் அவள்தான் போய் நின்றாள். ஆனால் கேள்விக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அரளி என்ற சொல்லைக் கேட்டதும் செவிலியர் பேனாவைப் போட்டுவிட்டு உள்ளே போனார். அடுத்த நிமிடம் படுக்கைவண்டி வந்தது. வரிசையில் முன்னால் இருந்த நான்கு பேரும் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

மருத்துவர் சின்ன வயதுப் பெண். மாமனாரின் மார்பில் கம்பிகளை ஒட்டச் சொல்லிவிட்டு, கருவியிலிருந்து ஓடிவந்த தாளைப் படித்தபடியே இவனிடம் கேட்டார்.

"எப்போ குடிச்சார்?"

"பத்து மணி இருக்கும்."

"எத்தனை மணிக்கு இங்க வந்தீங்க?"

"பதினொண்ணு."

"இப்போ பதினொண்ணு நாற்பது. நாற்பது நிமிஷமா கொய்யான்னு உட்கார்ந்திருந்தீங்களா?"

அவன் வேட்டியை விலக்கிக் கட்டையை நீட்டினான்.

"கொய்யா இல்லைன்னு எப்போ தெரிஞ்சுது?"

மனைவி பக்கத்தில் நின்றாள். சொல்வதற்கு இன்னொரு பொய் கைவசம் இருந்தது. இப்பதான், இந்தக் கணுவைப் பார்த்தப்பதான் என்று சொல்லியிருக்கலாம். பாதி உண்மையும்கூட.

"எடுத்த அன்னைக்கே தெரியும்" என்றான். "கொய்யாங்கிறது நானா வச்ச பேரு."

மருத்துவர் கட்டையை வாங்கிப் பார்த்தார். இரண்டு கணுக்களை விரலால் எண்ணினார். திருப்பிக் கொடுத்தார். நாடி நாற்பத்திரண்டு என்று யாரோ உள்ளிருந்து சொன்னார்கள். திரை இழுபட்டது.

திரைக்கு அப்பால் குரல்கள் கேட்டன. ஒரு பெரிய டம்ளரில், விஷத்தை உறிஞ்சுகிற கரித்தூள் கரைசலைக் குடிக்கச் சொன்னார்கள். மாமனாரின் குரல் தேய்ந்து வந்தது.

"இது யாரு போட்டது?"

"நாங்கதான் ஐயா. குடிங்க."

"அப்போ சரி. எங்க மாப்பிள்ளை போட்டதுன்னா யோசிப்பேன்."

செவிலியர் சிரித்தது கேட்டது. வெளியே இருவரும் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் வாந்தி எடுக்கிற சத்தம் வந்தது. பிறகு ஊசி என்றார்கள். பிறகு சத்தம் எதுவும் வரவில்லை. ஒரு கருவி மட்டும் சொட்டுச் சொட்டாக ஒலித்தது. அவன் அதை எண்ணினான். இரண்டு ஒலிகளுக்கு நடுவில் மூச்சை அடக்கிக்கொண்டு, அடுத்தது வந்த பிறகே மூச்சுவிட்டான். சில சமயம் நடுவில் ஒன்று விடுபட்டது. அப்போதெல்லாம் அவன் மனைவியின் கை பெஞ்சின் விளிம்பை இறுக்கியது. அவளும் எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

வெகுநேரம் கழித்து அவள் பேசினாள். கோபமில்லாத குரல். ஆய்வகத்தில் கண்ணாடி உடைந்தால் பிள்ளைகளிடம் விசாரிக்கிற குரல்.

"எந்தப் பானையில வேகவச்சீங்க?"

"என் பானையிலதான். மாடியில இருக்கிறது."

"கிளறினது?"

"கம்பு."

"கூஜாவுல ஊத்தினது எந்தக் கரண்டி?"

அவன் யோசித்தான்.

"குழம்புக் கரண்டி. கழுவி வச்சேன்."

"நேத்து ராத்திரி அதுலதான் நம்ம எல்லாருக்கும் ஊத்தினேன்."

"அது நேத்து. இது இன்னைக்குக் காலையில."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"இன்னைக்குக் காலையிலதான்" என்றான். அது உண்மை. ஆனால் அதைச் சொல்லும்போது, உண்மை என்று அவளுக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வி அவனுக்குள்ளே எழுந்தது. அவள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டுத் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். சமையலறையில் இருக்கிற ஒவ்வொரு பாத்திரத்தையும் அவள் மனதுக்குள் எடுத்து முகர்ந்து பார்ப்பது அவனுக்குத் தெரிந்தது.

மாலையில் மருத்துவர் வெளியே வந்தார். இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது, காலை வரை பார்க்க வேண்டும் என்றார். பெரும்பாலும் வாந்தியில் போய்விட்டது போலிருக்கிறது என்றார். இன்னும் ஒரு மணி நேரம் பெஞ்சில் இருந்திருந்தால் என்று தொடங்கியவர், மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு அதை முடிக்காமல் போனார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நாடி ஐம்பத்து நான்கு. எட்டு மணிக்கு ஐம்பத்தெட்டு. ஊசியை நிறுத்தினார்கள். மருத்துவர் வந்து பார்த்துவிட்டு ஆபத்து தாண்டிவிட்டது, ஆனாலும் இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்றார். மனைவி பள்ளிக்கு விடுப்பு சொன்னாள். அவனிடம் தேவையானதை மட்டும் பேசினாள். ஒன்பது மணிக்கு அவன் வீட்டுக்குப் போனான். இரண்டு கூஜாக்களையும் டம்ளரையும் கரண்டியையும் வேகவைத்த பானையையும் ஒரு சாக்கில் போட்டான். ட்ரம்மில் வேறு நான்கு கட்டைகள் ஊறிக்கொண்டிருந்தன. அவற்றையும் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அரளிக் கட்டையையும், எறிவதற்காக அதே சாக்கில் போட்டுக் கட்டினான். கண் மருத்துவமனைக்கு அழைத்துக் கட்டை வராது என்றான். ஏன் என்றார்கள். என்ன மரம் என்று தெரியாமலே கொய்யா என்று சொல்லிவிட்டேன் என்றான். அப்புறம் தொட்டியில் என்ன வைப்பது என்றார்கள். கல் வையுங்கள் என்றான். மீன் கடைக்காரருக்கும் அழைத்து அதையே சொன்னான். அவர் போனை வைத்துவிட்டார். சமையலறை மேடையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினான். மாமனாரின் மாற்றுச் சட்டை, பல் துலக்கும் தூரிகை, மூக்குக் கண்ணாடி, சர்க்கரை மாத்திரைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினான். நாடி அறுபத்தொன்று. ஒரு மணிக்கு அவருக்கு ரொட்டி கொடுத்தார்கள். மனைவி அதை வாங்கி, ஓரத்தைப் பிய்த்துத் தன் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு அவருக்குக் கொடுத்தாள். பாதி சாப்பிட்டார்.